மூளை சார்ந்த கற்பித்தல்: அக்கா படித்ததும் நான் சரிபார்த்ததும்

2020 மே மாதம். ஊரடங்குக்கு முன்பே லேப்டாப்போடு பெங்களூரிலிருந்து சேத்தியாத்தோப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். அக்கா பக்கத்து ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பட்டதாரி ஆசிரியை. பள்ளி மூடிக் கிடந்தது. ஆனா அவள் போன் மட்டும் ஓயவே இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நாளைக்கு நாலைந்து வெபினார் லிங்க் வரும். ஒன்றரை மணி நேரம் வீடியோ, கடைசியில் கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்வி, உடனே மெயிலில் கலர் கலராக ஒரு சர்டிபிகேட். ஒரே மாதத்தில் பதினேழு சேர்ந்துவிட்டது. அதில் ஆறு 'மூளை' சம்பந்தப்பட்டவை.

ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள். "ஏண்டா, நீதான் எதையும் நோண்டிப் பார்க்கிற ஆளாச்சே. இந்த பிரெய்ன் பேஸ்டு டீச்சிங்ல எது நெசம், எது டூப்புன்னு பார்த்துச் சொல்லேன். போன வருஷம் இதை நம்பித்தான் க்ளாஸ்ல ஒண்ணு பண்ணி வச்சிருக்கேன்."

இந்தப் பதிவு அந்தக் கேள்வியில் ஆரம்பித்தது. நான் நரம்பியல் படித்தவன் இல்லை, வெறும் பி.ஈ. ஆனால் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து 'என்ன சோதனை செய்தார்கள், யாரை வைத்துச் செய்தார்கள், என்ன கிடைத்தது' என்று பார்ப்பதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. பொறுமை இருந்தால் போதும்.

அந்த சார்ட்

அக்கா 'பண்ணி வச்சிருந்தது' ஒரு சார்ட். 2019-ல் கட்டணம் கட்டி ஒருநாள் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தாள். பிள்ளைகள் மூன்று வகை என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். பார்த்துக் கற்பவர்கள், கேட்டுக் கற்பவர்கள், செய்து கற்பவர்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்த வகை என்று கண்டுபிடித்து, அந்த வழியிலேயே பாடம் நடத்தினால் மூளை தானாக வாங்கிக்கொள்ளுமாம். இருபது கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் கொடுத்தார்கள். அக்கா ஆறாம் வகுப்பு முழுவதையும் அதில் சோதித்து, நீலம், பச்சை, ஆரஞ்சு என்று மூன்று கலரில் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

அதில் ஆரஞ்சில் ஒரு பையன். செய்து கற்பவன். வாசிப்பில் கொஞ்சம் மந்தம், ஆனால் கையில் எதைக் கொடுத்தாலும் நன்றாகச் செய்வான். கனசதுர வலையை அட்டையில் வெட்டி ஒட்டுவதில் வகுப்பிலேயே அவன்தான் முதல். அதனால் கணக்கில் வார்த்தைக் கணக்கு வரும்போதெல்லாம் பக்கத்துப் பிள்ளை படித்துச் சொல்லும், இவன் போடுவான். 'இவன் மூளை அப்படி' என்று அக்கா நம்பினாள். பிள்ளை மேல் இருந்த அக்கறையில் செய்ததுதான். அடித்துத் திட்டிப் படிக்க வைப்பதை விட இது எவ்வளவோ மேல் என்று நினைத்தாள்.

முதலில் சோதித்தது: மூன்று வகைப் பிள்ளைகள்

'கற்றல் பாணி' என்கிற இந்தக் கொள்கையைச் சோதிப்பது எப்படி? 2008-ல் ஹெரால்ட் பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியோர்க் ஆகிய நான்கு உளவியல் ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக எழுதினார்கள். நிரலைச் சோதிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு உடனே பிடிபடும்.

முதலில் ஆட்களைக் 'கண் பார்ட்டி', 'காது பார்ட்டி' என்று பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பார்ட்டியையும் பாதிப் பாதியாகக் குலுக்கிப்போட்டு, ஒரு பாதிக்குப் பாடத்தை வாசிக்கக் கொடுக்க வேண்டும், இன்னொரு பாதிக்குக் காதால் கேட்கக் கொடுக்க வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. கண் பார்ட்டி வாசித்தபோதும், காது பார்ட்டி கேட்டபோதும் கூடுதலாக வாங்கினால்தான் கொள்கை நிற்கும். எல்லோருமே வாசித்தபோது கூடுதலாக வாங்கினார்கள் என்றால் வாசிப்பு நல்லது என்றுதான் அர்த்தம். ஆளுக்கு ஒரு பாணி இருக்கிறது என்று ஆகாது.

அதுவரை வந்த ஆய்வுகளைத் துழாவிப் பார்த்தால், இப்படி முறையாகச் சோதித்தவை மிகக் குறைவு. சோதித்தவற்றிலும் பல கொள்கைக்கு எதிராகவே வந்திருந்தன. பள்ளிகளில் இதைப் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள்.

பெத் ரோகோவ்ஸ்கி என்ற அமெரிக்கப் பேராசிரியை இதை நேரடியாகவே செய்து பார்த்தார். அவர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஆய்வுக்கு வந்தவர். 2015-ல் பெரியவர்களை வைத்துச் செய்தார். பாணிக்கு ஏற்ற வழியில் கொடுத்ததால் பலன் எதுவும் இல்லை. 2020-ல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து வெளியிட்ட ஆய்விலும் அதே முடிவுதான். அந்தக் கட்டுரையின் முடிவில் ஓர் எச்சரிக்கை உண்டு. காதால் கேட்பதை விரும்பும் பிள்ளைகளுக்கு எப்போதும் அப்படியே வசதி செய்துகொடுத்துக்கொண்டிருந்தால், வாசிப்புத் திறனை வலுப்படுத்தாமல் விட்டு அவர்களுக்குத் தீங்குதான் செய்கிறோம் என்று.

இதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். யாரை நினைத்தாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் விருப்பம் வேறுபடும் என்பது உண்மை. திறமை வேறுபடும், முன்பே தெரிந்த விஷயம் வேறுபடும், இதுவும் உண்மை. ஒரு பாடத்தைப் படம், பேச்சு, செய்முறை என்று பல வழிகளில் நடத்துவது எல்லோருக்குமே நல்லது. பொய் எது என்றால், 'இந்தப் பிள்ளை மூளைக்கு இந்த வாசல் மட்டும்தான்' என்பது. தமிழ்நாடு வரைபடத்தில் வெள்ளாறு எங்கே ஓடுகிறது என்பதை எந்தப் பாணிக்காரரும் பார்த்துத்தான் கற்க வேண்டும். ராகத்தை எல்லோரும் கேட்டுத்தான் கற்க வேண்டும். வழியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாடம்தான்.

ஏன் நம்புகிறோம்?

அக்கா மட்டும் ஏமாந்தாள் என்று நினைக்க வேண்டாம். 2012-ல் சான்னே டெக்கர் குழுவினர் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 242 ஆசிரியர்களைக் கேட்டார்கள். மூளை பற்றிய கட்டுக்கதைகளில் சராசரியாகப் பாதியை அவர்கள் நம்பினார்கள். கற்றல் பாணியை நம்பியவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். அதை விட வியப்பு, மூளை பற்றிப் பொதுவாக அதிகம் தெரிந்துவைத்திருந்த ஆசிரியர்கள்தான் கட்டுக்கதைகளையும் அதிகம் நம்பினார்கள். ஆர்வம் உள்ளவர்கள் நிறையப் படிக்கிறார்கள். நல்லதும் கெட்டதும் சேர்ந்தே உள்ளே போகிறது.

இன்னொரு காரணம் 'மூளை' என்கிற சொல்லுக்கு உள்ள மயக்கம். 2008-ல் டீனா வைஸ்பெர்க் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். உளவியல் விளக்கங்கள் சிலவற்றை, சம்பந்தமே இல்லாத ஒரு மூளை வாக்கியத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் மக்களுக்குக் கொடுத்தார்கள். மோசமான விளக்கம்கூட, 'மூளையின் முன்பகுதி தூண்டப்படுவதால்' என்று ஒரு வரி சேர்ந்தவுடன் திருப்தியாகத் தோன்றியது. நம் ஊர் விளம்பரங்களில் 'விஞ்ஞானப்பூர்வமாக' என்று போடுவது போலத்தான்.

இடது மூளைக்காரர் கணக்குப் புலி, வலது மூளைக்காரர் கலைஞர் என்பதும் அந்த வகைதான். இதற்கு வேர் உண்மையான ஒரு ஆராய்ச்சி. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை துண்டிக்கப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. மொழி போன்ற சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது நிஜம். ஆனால் ஒரு மனிதரே இடதுசாய்வு, வலதுசாய்வு என்பது நிஜமில்லை. 2013-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைப் பார்த்தபோது அப்படிப்பட்ட ஆள் வகை எதுவும் தென்படவில்லை.

பிறகு அவள் படித்த கோர்ஸ்

அப்போ எல்லாமே டூப்பா? இல்லை. அந்த ஜூனில் 'லேர்னிங் ஹவ் டு லேர்ன்' என்ற கோர்சேரா கோர்ஸில் அக்காவைச் சேர்த்துவிட்டேன். சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் வழியாக 2014-ல் தொடங்கிய கோர்ஸ். நடத்துபவர்கள் இருவர். ஒருவர் சால்க் ஆய்வு நிலையத்தின் நரம்பியல் விஞ்ஞானி டெரன்ஸ் செஜ்னோவ்ஸ்கி. மற்றவர் பார்பரா ஓக்லி, மிச்சிகனில் பொறியியல் பேராசிரியை. பள்ளியில் கணக்கு வராதவர், ராணுவத்தில் சேர்ந்து ரஷ்ய மொழி கற்றவர், இருபத்தாறு வயதுக்கு மேல் கணக்கை அடியிலிருந்து படித்துப் பொறியாளர் ஆனவர். இந்தக் கதையைக் கேட்டதும் கணக்கு டீச்சரான அக்காவுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு ஓக்லி, ரோகோவ்ஸ்கி, செஜ்னோவ்ஸ்கி மூவரும் ஆசிரியர்களுக்காகவே 'அன்காமன் சென்ஸ் டீச்சிங்' என்று ஒரு புத்தகத்தை 2021-ல் கொண்டுவந்தார்கள். அதே பெயரில் கோர்ஸும் வந்தது. அதையும் படித்தாள்.

ஆங்கிலம்தான் இடித்தது. தமிழ் வழியில் படித்து, தமிழ் வழியில் பாடம் நடத்துகிறவள். ஆறு நிமிட வீடியோவுக்கு அரை மணி நேரம் ஆகும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். அவள் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். எங்கே தடுமாறுகிறாளோ அங்கே மட்டும் மறுபடி ஓடவிடுவோம். இந்த ஏற்பாடு முக்கியம். கடைசியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது, சுருக்கமாக

இந்த இரண்டு கோர்ஸிலிருந்தும் வகுப்பறைக்கு உதவுகிற விஷயங்களைப் பிழிந்தால் மூன்று மிஞ்சும்.

ஒன்று, செயல்படு நினைவு. ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடிய புதிய விஷயங்கள் சுமார் நான்குதான் என்கிறார் நெல்சன் கோவன் என்ற உளவியலாளர். பலகையில் எட்டுப் படிகளை மடமடவென்று எழுதினால், புத்திசாலிப் பிள்ளைக்கும் சட்டி நிரம்பி வழியும். வாய்ப்பாடு சரளமாகத் தெரிந்த பிள்ளைக்கு 7 × 8 ஒரு இடத்தைக்கூடப் பிடிக்காது. தெரியாத பிள்ளைக்கு அதுவே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கணக்கு வராததற்குப் பல நேரம் இவ்வளவுதான் காரணம்.

இரண்டு, நினைவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. 1953-ல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலாய்சன் என்ற அமெரிக்கருக்கு மூளையில் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் அறுவை செய்தார்கள். அதன்பின் அவரால் புதிய மனிதரையோ செய்தியையோ நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைகிற பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தின நாள் பயிற்சி செய்ததே ஞாபகம் இல்லாமல். தகவலை நினைவில் வைப்பது வேறு, கை பழகுவது வேறு. சூத்திரத்தை ஒப்பிக்கிற பிள்ளைக்குக் கணக்கு வராமல் போவதும், கணக்கைப் போட்டுவிடுகிற பிள்ளைக்கு 'ஏன்' என்று சொல்ல வராமல் போவதும் இதனால்தான் புதிராகத் தெரிவதில்லை. இரண்டுக்கும் பயிற்சி வேண்டும்.

மூன்று, இடைவெளி. கடல் நத்தையை வைத்து நினைவை ஆராய்ந்த எரிக் காண்டெல் 2000-ல் நோபல் பரிசு பெற்றார். ஒரே மூச்சில் கொடுத்த பயிற்சியை விட இடைவெளி விட்டுக் கொடுத்த பயிற்சிதான் நத்தையிடம் நீண்ட நாள் நின்றது. அப்படி நிற்கும்போது நரம்பு இணைப்புகளின் அமைப்பே மாறுகிறது என்பதையும் காட்டினார்கள்.

அக்கா இதைக் கேட்டதும், "அட, காய்ச்சலும் பாய்ச்சலும்!" என்றாள். வீராணம் பாசனத்தில் இருக்கிற எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் கட்டியே வைக்காமல், வயல் லேசாகக் காய்ந்த பிறகு மறுபடி பாய்ச்சுவது. காயும்போது வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும் என்பார்கள். கொஞ்சம் மறக்க விட்டு, மறுபடி தேடி எடுக்கவைப்பது. உவமைதான், நிரூபணம் இல்லை. ஆனா டீச்சர்களுக்கு இப்படிச் சொன்னால் மறக்காது.

நிரூபணம் எங்கே?

நிரூபணம் ஸ்கேனில் இல்லை, காகிதத்தில் எழுதிய தேர்வுகளில் இருக்கிறது. 2006-ல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சின்னக் கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே நான்கு முறை அமர்ந்து படித்தது. இன்னொரு குழு ஒருமுறை மட்டும் படித்து, மீதி மூன்று முறையும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. முதல் குழு கட்டுரையைச் சராசரியாகப் பதினான்கு தடவை படித்தது, இரண்டாம் குழு மூன்று தடவை சொச்சம்தான்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்தவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61.

இதில் நெஞ்சைத் தொடும் விஷயம் ஒன்று. எவ்வளவு நினைவில் நிற்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்த குழுதான் அதிக நம்பிக்கையோடு இருந்தது. சரளமாகப் படிக்க முடிவதைத் 'தெரிந்துவிட்டது' என்று மனசு தப்பாக எடுத்துக்கொள்கிறது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நாம் எல்லோரும் ஏமாந்தது இப்படித்தான்.

கணக்குக்கு இன்னும் நெருக்கமான ஒரு ஆய்வு உண்டு. முன்னே சொன்ன டக் ரோரர், புளோரிடாவில் 54 ஏழாம் வகுப்புகளில் நடத்தி, 2020-ல் வெளியிட்டது. பாதி வகுப்புகளுக்கு வழக்கம்போல ஒரே மாதிரிக் கணக்குகளை அடுக்கடுக்காகக் கொடுத்தார்கள். மீதி வகுப்புகளுக்கு அதே கணக்குகளைக் கலந்து கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் வைத்த தேர்வில், கலந்து போட்டவர்கள் 61 சதவீதம், அடுக்காகப் போட்டவர்கள் 38. காரணம் எளிது. தனிவட்டிப் பாடத்தின் கீழே இருக்கும் பதினைந்து கணக்கும் தனிவட்டிதான் என்று பிள்ளைக்குத் தெரியும். எந்த வழி என்று யோசிக்கவே வேண்டாம். பரீட்சையில் அந்தத் தலைப்பு இருக்காது.

வகுப்பில் நடந்தது

2021 நவம்பர் 1-ல் ஒன்று முதல் எட்டு வரை பள்ளிகள் திறந்தன. அக்கா இரண்டே இரண்டு மாற்றம் செய்தாள்.

முதலாவது, பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம், மூன்று கேள்வி. ஒன்று நேற்றுப் பாடம், ஒன்று போன வாரம், ஒன்று போன மாதம். புத்தகம் மூடியிருக்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவார்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து அவரவரே திருத்திக்கொள்வார்கள்.

முதல் வாரம் சொதப்பிவிட்டது. பழக்க தோஷத்தில் மார்க் போட்டு ரிஜிஸ்டரில் ஏற்றினாள். ஒன்றரை வருஷம் பள்ளியே பார்க்காத பிள்ளைகள். 'தினமும் டெஸ்ட்' என்று பயந்து பக்கத்தில் எட்டிப் பார்த்து எழுதினார்கள். இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அக்கா வீட்டுக்குப் போய் அழைத்துவர வேண்டியதாயிற்று. மறுநாளே மார்க்கை நிறுத்தினாள். தப்பாக எழுதினால் சிரிக்கக் கூடாது, ஆனால் எழுதாமல் இருக்கக் கூடாது. இதுதான் ஒரே விதி. மூளை ஆய்வுக் கட்டுரை எதிலும் இந்த வாரம் எழுதியிருக்காது.

இரண்டாவது, வீட்டுப்பாடக் கணக்குகளைக் கலந்தது. இன்றைய பாடத்தில் ஐந்து, மீதி பழைய பாடங்களிலிருந்து. சதவீதம், பரப்பளவு, விகிதம் எல்லாம் கலந்து வரும். "எந்த பார்முலான்னு மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்று கெஞ்சினார்கள். "அதைக் கண்டுபிடிக்கிறதுதான்டா கணக்கே" என்று மட்டும் சொல்லுவாளாம்.

பலன் இருந்ததா? இருந்தது என்று அக்கா நினைக்கிறாள். ஆனால் ஒரே வகுப்பு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, இடையில் ஜனவரியில் மறுபடி ஊரடங்கு. ஆகவே அவள் வகுப்பை வைத்து நான் எதையும் நிரூபிக்க மாட்டேன். புளோரிடா ஆய்வில் இருக்கும் நிரூபணம் போதும்.

இது நமக்குப் புதுசா?

இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றிய பழைய நினைவுக் குறிப்புகளில் ஒரு வழக்கம் வரும். சாயங்காலம் வீட்டுக்கு விடும்போது வாத்தியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு ஊர் என்று பெயர் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் அதைச் சொல்ல வேண்டும். நடுவே ஒரு ராத்திரித் தூக்கம். பெயர் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் காப்பியடிக்கவும் முடியாது. எண்சுவடியை வாய்விட்டு முறை சொல்வதும் நினைவிலிருந்து எடுப்பதுதான். இந்தப் பள்ளிகளின் கணக்கை ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கே நினைவு என்பது வெறும் மனப்பாடம் அல்ல, கற்கும் முறையே அதுதான் என்று காட்டியிருக்கிறார்.

அதற்காக 'நம் முன்னோர் அன்றே மூளையை அறிந்திருந்தனர்' என்று ஆரம்பிக்க வேண்டாம். அதே திண்ணையில் பிரம்பும் இருந்தது, சாதியின் பெயரால் நுழைய முடியாத பிள்ளைகளும் இருந்தார்கள். பலன் தந்த ஒரு பழக்கத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மூளை எவ்வளவு, உளவியல் எவ்வளவு

கவனித்திருப்பீர்கள். அக்கா வகுப்பில் வேலை செய்த இரண்டும் மூளையைத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தவை அல்ல. பேப்பர், பேனா, கடிகாரம் வைத்து உளவியலாளர்கள் கண்டவை. இடைவெளி விட்டுப் படிப்பது நல்லது என்பதை 1885-லேயே ஜெர்மனியில் ஹெர்மன் எப்பிங்காஸ் தன்னைத்தானே சோதித்து எழுதிவிட்டார். மூளை அறிவியலிலிருந்து நேராக வகுப்பறைக்குப் பாலம் போட முடியாது, நடுவில் உளவியல் என்கிற தூண் வேண்டும் என்று 1997-லேயே ஜான் ப்ரூயர் ஒரு கட்டுரையில் வாதிட்டார். எனக்கு அது இன்றும் சரியாகவே படுகிறது. கடல் நத்தை ஏன் என்பதைச் சொல்லும். பிள்ளைகளிடம் வேலை செய்கிறதா என்பதைப் பிள்ளைகளிடம்தான் சோதிக்க வேண்டும்.

ஆகவே இனி 'மூளை' என்று யாராவது பயிற்சிக்கு அழைத்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எந்த வகுப்பில், எதோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? பதிலாக மூளைப் படம் ஒன்றைக் காட்டினால் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

கோர்ஸுக்கும் அதே விதிதான்

இப்போது அந்தப் போனைக் கவிழ்க்கும் ஏற்பாட்டுக்கு வருகிறேன். ஆகஸ்டில் ஒருநாள் விளையாட்டாக அக்காவிடம் ஒரு தாளைக் கொடுத்து, அந்தப் பதினேழு வெபினாரிலும் என்ன சொன்னார்கள் என்று எழுதச் சொன்னேன். மூன்றுக்கு மேல் வரவில்லை. அதுவும் தலைப்பு மட்டும். ஓக்லி கோர்ஸைப் பற்றிக் கேட்டதற்கு இரண்டு பக்கம் எழுதினாள். ஓக்லி நன்றாக நடத்தினார் என்பது பாதிக் காரணம். வெபினாரை அவள் பார்த்தாள், ஓக்லியை எனக்குத் திருப்பிச் சொன்னாள் என்பது மீதிக் காரணம்.

தொலைவிலிருந்து படிப்பது எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. 1929-ல் தொடங்கிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. தபாலில் வந்த பாடப் புத்தகக் கட்டுகளைப் பிரித்துப் படித்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. 2020 அக்டோபரில் மத்திய அரசின் நிஷ்தா ஆசிரியர் பயிற்சியும் தீக்ஷா தளத்துக்கு வந்தது, 18 பாடப்பகுதிகளாக. தபாலோ தளமோ, கேள்வி ஒன்றுதான்: மூடி வைத்துவிட்டுத் திருப்பிச் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் சர்டிபிகேட் மட்டும்தான் மிச்சம்.

ஆன்லைனில் படிக்கிற ஆசிரியர்களுக்கு அக்கா சொல்வது இது. ஒரு நேரத்தில் ஒரு கோர்ஸ் போதும். வீடியோவை ஓடவிட்டுக் குறிப்பெடுக்காமல், முடிந்த பிறகு பார்க்காமல் எழுதுங்கள். சொல்லிக்காட்ட வீட்டில் ஒரு ஆளைப் பிடியுங்கள், புரியாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதிப் பாருங்கள். மறுநாள் வகுப்பில் செய்ய ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பத்து வேண்டாம்.

அந்தப் பையன்

பள்ளி திறந்தபோது அவன் எட்டாம் வகுப்பு. முதல் நாள் அக்கா ஒரு வார்த்தைக் கணக்கைக் கொடுத்து அவனையே படிக்கச் சொன்னாள். நான்கு வரி. இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். பழக்கத்தில் பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான்.

அன்று ராத்திரி போனில் என்னிடம் சொன்னாள். "பத்தொன்பது மாசத்தைக் கொரோனா எடுத்துக்கிச்சுடா. அதுக்கு முன்னாடி எட்டு மாசத்தை நான் எடுத்துக்கிட்டேன்."

சார்ட்டைக் கழற்றி, திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் 'நேற்று, போன வாரம், போன மாசம்' என்று எழுதி அதே ஆணியில் மாட்டினாள். அந்த வருஷம் முழுக்க மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் அவனை வாசிக்க வைத்தாள். சாயங்காலம் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர் ஒரு பெண்ணும் கூட உட்கார்ந்தாள். அட்டை வெட்டுவதில் அவன் இன்னும் முதல்தான். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகும்போது வார்த்தைக் கணக்கை அவனே படித்தான். விரலை வைத்து, மெதுவாக, யாரையும் திரும்பிப் பார்க்காமல்.

மூன்று வருஷத்துக்கு முன்பே அவன் அதைச் செய்திருக்க முடியும் என்பதை மட்டும் அக்கா மறக்கவில்லை.